ஆளில்லாத வீட்டுக்கு வரும் பணம்

பருத்திப்பட்டில் ஆம்பளை இல்லாத வீடுகளுக்கு அரசாங்கத்திடமிருந்து இரண்டு விதமான பணம் வருகிறது. ஆவடி டாங்கி ஃபேக்டரியிலோ, ராணுவ உடுப்பு தைக்கும் ஃபேக்டரியிலோ, விமானப்படையிலோ வேலை பார்த்து இறந்தவரின் மனைவிக்கு வருவது ஒன்று. குடும்ப ஓய்வூதியம். பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். எவ்வளவு குறைந்தாலும் மாதம் 9000 ரூபாய்க்குக் கீழே போகாது, அதற்கு மேல் டி.ஏ. வேறு. இன்னொன்று, இறந்தவர் கொத்தனாராகவோ, ஆட்டோ ஓட்டியவராகவோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் லேத் பிடித்தவராகவோ இருந்தால், விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, தகுதி உண்டு என்று முடிவானால் வருவது. மாதம் 1200 ரூபாய். 2011இல் 1000 ஆக்கினார்கள். பன்னிரண்டு வருஷம் அசையவில்லை. 2023இல்தான் 200 ஏறியது.

அரசு ஆவணத்தில் இதற்கும் ஓய்வூதியம் என்றுதான் பெயர். ஆனால் பேச்சில் முதலாவது பெண் "பென்ஷன் வாங்குறாங்க". இரண்டாவது பெண்ணுக்கு "கவர்மென்ட்டு காசு குடுக்குது". இலவசங்களைப் பற்றி எத்தனையோ டிவி விவாதம் பார்த்துவிட்டேன், குடும்ப ஓய்வூதியத்தை அந்தப் பட்டியலில் யாரும் சேர்த்துக் கேட்டதில்லை. அது இறந்தவர் உழைப்பின் ஒரு பகுதி என்று பதில் வரும். சரிதான். கொத்தனார் மட்டும் உழைக்காமலா செத்தார்? அவர் கட்டிய வீடுகளில்தான் அந்தப் பென்ஷன்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

அரசு உதவி வாங்கும் தனித்தாய் என்றதும் நம் மனதில் ஒரு படம் வருகிறது. ஒன்று கண்ணீர், இல்லாவிட்டால் ஓசி. நடுவில் எதுவும் வருவதில்லை. இந்தப் படத்தை யார் யார் வரைந்தார்கள் என்று தேடிப் போனால் சங்ககாலம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பெயரிலேயே ஆரம்பிக்கலாம். பருத்திப்பட்டு என்பதில் இருக்கும் 'பட்டு' துணி இல்லை. செங்கல்பட்டு, சேத்துப்பட்டு மாதிரி ஊரைக் குறிக்கும் விகுதி. பருத்தியோ, அது பருத்திதான். சங்கப் பாடல்களில் 'பருத்திப் பெண்டு' என்று ஒருத்தி வருகிறாள். நூல் நூற்றுப் பிழைப்பவள். இன்னோரிடத்தில் நூற்பவர்களை 'ஆளில் பெண்டிர்' என்றே சொல்கிறார்கள். ஆண் துணை இல்லாதவர்கள். கணவன் போனபின் கதிரைக் கையில் எடுத்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வேலை பார்த்த பெண்கள். அவர்களைப் பற்றிப் பாடியவர்கள் அவர்கள் நூற்ற பஞ்சின் வெண்மையையும் மென்மையையும் உவமைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு என்ன கூலி கிடைத்தது என்பது உவமைக்குத் தேவைப்படவில்லை.

கூலியைப் பற்றிப் பேசுவது அர்த்தசாஸ்திரம். அதில் நூல் துறைக்கென்று ஓர் அதிகாரி உண்டு. விதவைகள், உடல் ஊனமுற்ற பெண்கள், துறவிப் பெண்கள், வயதான தாசிகள் ஆகியோருக்கு நூற்கும் வேலை கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் மூலமாக மரியாதையோடு வேலை அனுப்ப வேண்டும். தாங்களே விடியற்காலையில் நூற்சாலைக்கு வருகிறவர்களிடம் நூலை வாங்கிக்கொண்டு கூலி தர வேண்டும். அந்த நேரத்தில் விளக்கு, நூலைப் பார்க்கும் அளவுக்கு மட்டும் இருக்கலாம். அதிகாரி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலோ, வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசினாலோ தண்டனை. கூலியைத் தாமதப்படுத்தினாலும் தண்டனை.

இந்த விதி நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்று பெரிதாகக் கனவு காண வேண்டாம். அதே இடத்தில் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பெண்ணுக்குச் சொல்லியிருக்கும் தண்டனை கொடூரமானது. ஆனாலும் ஒன்று தெரிகிறது. ஆளில்லாத பெண் அரசிடம் பணம் வாங்க வரும்போது, பணம் கொடுக்கும் ஆண் எங்கே பார்க்கிறான் என்பது அன்றைக்கே ஒரு பிரச்சினையாக இருந்திருக்கிறது.

இனி ஒரே தாவலில் 1952. அந்தத் தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. எல்லாருக்கும் நினைவில் இருப்பது சிவாஜியின் கோர்ட் வசனம். ஆனால் கதை கல்யாணியுடையது. கணவனும் அப்பாவும் போய், கைக்குழந்தையோடு தனியாக நிற்கிறாள். இட்லிக்கடை போடுகிறாள், நடத்த விடமாட்டேன் என்கிறார்கள். உதவுகிறேன் என்று வருகிற ஆண்கள் விலையாக அவளையே கேட்கிறார்கள். கோயிலுக்குள்ளும் அதேதான். கடைசியில் குழந்தையை ஆற்றில் போட்டுவிட்டுத் தானும் சாகப் பார்க்கிறாள். அப்போதுதான் முதல்முறையாக அரசாங்கம் அவளைத் தேடி வருகிறது. கைது செய்ய.

கல்யாணிக்கு அன்றைக்கு மனு போட ஓர் அலுவலகம் கிடையாது. மூன்று வருஷம் கழித்து, 1955 ஜனவரியில், நம்ம ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேருவும் காமராஜரும் இருந்த மேடையில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் அதே ஆவடி மாநாடு. அதன் பின்னால் இந்தப் பக்கம் வந்தவை பெரிய தொழிற்சாலைகள். 1960களில் டாங்கியும் ராணுவ உடுப்பும் இங்கே உருவாக ஆரம்பித்தன. அந்தத் தொழிற்சாலைகளின் வழியாகத்தான் மேலே சொன்ன முதல் வகைப் பணம் பருத்திப்பட்டுக்குள் வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964இல் அமலானது.

இரண்டாவது வகைப் பணத்தின் வரலாற்றை மூன்று தேதிகளில் சொல்லிவிடலாம். 1962இல் காமராஜர் ஆட்சியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வயதுக்கானது. ஆணில்லாத பெண்ணுக்கென்று வந்த முதல் பணம் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், 1975 ஜூன் 1. அடுத்தது கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு, 1986 ஏப்ரல் 25. மூன்றாவது 50 வயதைக் கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு, 2008 ஜூலை 1.

1975இல் முதலமைச்சர் யார் என்று பாருங்கள். கல்யாணியின் வசனத்தை எழுதியவர். எமர்ஜென்சி வர இன்னும் 24 நாள் இருந்தது. ஒரு திரைக்கதையில் இல்லாத அலுவலகத்தை, அதே கதாசிரியர் 23 வருஷம் கழித்து அரசாணையில் எழுதிச் சேர்த்த மாதிரி எனக்குத் தோன்றும். இதை வாசிக்கிற சிலர் "கட்சிக்காரன் போல" என்று நினைக்கலாம். இரண்டாவது தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது, அதையும் சேர்த்தே படியுங்கள்.

தேதிகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் வரிசை. புருஷன் செத்தால் 1975. புருஷன் ஓடிப்போனால் அதற்கப்புறம் 11 வருஷம். கல்யாணமே ஆகவில்லை என்றால் இன்னும் 22 வருஷம், அதுவும் 50 வயதுக்கு மேல். ஏன் 50 என்று ஊகிக்கத்தான் முடியும். குழந்தை பிறக்க வாய்ப்பில்லாத வயது வரை காத்திருந்து கொடுத்தார்களோ என்று கெட்ட புத்தி சொல்கிறது. ஏனென்றால் இந்த மூன்று பெட்டிகளில் எதிலும் அடங்காத ஒருத்தி இருக்கிறாள். 25 வயது, கல்யாணம் ஆகவில்லை, கையில் குழந்தை. நம் பேச்சுமொழியில் அறுதலி, வாழாவெட்டி, முதிர்கன்னி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வசவு தயாராக உண்டு. இவளுக்கும் வசவு உண்டு. பெட்டி மட்டும் இல்லை.

கைவிடப்பட்டவளின் பெட்டியிலும் பூட்டு இருந்தது. குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ, நீதிமன்றம் தந்த பிரிவுச் சான்றோ இல்லாவிட்டால் கைவிடப்பட்டு 5 வருஷம் முடிந்திருக்க வேண்டும். பொதுவாகக் கைவிடப்படும்போது குழந்தைக்கு ஒரு வயசோ இரண்டு வயசோ இருக்கும். பணம் வரும்போது அது ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். அந்த 5 வருஷம்தான் பால் பவுடர், தடுப்பூசி, வாடகை முன்பணம் எல்லாம்.

செத்த புருஷனிலும் தரம் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் பெண்களுக்கான இடங்களில் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. டி.என்.பி.எஸ்.சி. விதியில் அதற்கு ஒரு வரையறை இருக்கிறது. எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மறுமணம் செய்திருக்கக் கூடாது. விவாகரத்தானவளும் கைவிடப்பட்டவளும் இதில் வரமாட்டார்கள். அதாவது வேலைக்கான சலுகை வேண்டுமென்றால் புருஷன் ஓடிப்போயிருக்கக் கூடாது, செத்திருக்க வேண்டும்.

இந்த விதிகளை யாரும் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பத்திரிகையில் நாம் பார்ப்பது போட்டோ. அரசு நலத்திட்ட உதவி வழங்கும் விழா. மேடையில் அமைச்சர், பக்கத்தில் கலெக்டர், சால்வை, பேனர். எதிரே ஒரு பெண், தையல் மெஷினுக்கு முன்னாலோ, ஆணையின் நகலைக் கையில் ஏந்தியோ. எல்லார் முகமும் அவளைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கீழே இருக்கும் குறிப்பில் அமைச்சர் பெயர், கலெக்டர் பெயர், எம்.எல்.ஏ. பெயர், சில சமயம் தாசில்தார் பெயர் வரை வரும். அவள் பெயர் 'பயனாளி'. ஐம்பது வருஷமாக இந்தப் போட்டோவின் அமைப்பு மாறவில்லை. கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு வந்ததுதான் வித்தியாசம்.

தையல் மெஷினைச் சொல்லாமல் விட முடியாது. விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டத்துக்கு சத்தியவாணிமுத்து அம்மையாரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம்தான். சினிமாவும் அதே மெஷினைப் பிடித்துக்கொண்டது. தூளி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம், சக்கரம் சுற்றச் சுற்றப் பையன் வளர்ந்து ஹீரோவாகி நிற்பான். சக்கரம் நின்றதும் அம்மா இருமுவாள். நான் பார்த்த படங்களில் அந்த அம்மா ஒருநாளும் வி.ஏ.ஓ.விடம் கையெழுத்துக்குப் போய் நின்றதில்லை. யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்தாள் என்பதுதான் அவளுடைய கற்புச் சான்றிதழ். மாதம் 1200 ரூபாய் வாங்கியிருந்தால் அந்த ஹீரோவுக்கு இன்டர்வெல்லில் பஞ்ச் வசனம் கிடைத்திருக்காது.

இன்னொரு போட்டோவும் உண்டு. 'கைக்குழந்தையுடன் பெண் தர்ணா'. கணவன் வீட்டு வாசலில், போலீஸ் ஸ்டேஷனில், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில். பிறகு இந்தப் போட்டோ டிவிக்குள் குடியேறியது. ஜீ தமிழில் 2011இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற நிகழ்ச்சிகளில், அரசாங்கம் 5 வருஷம் காத்திருக்கச் சொன்ன அதே பெண்கள் ஒரு மணி நேரத்தில் தங்கள் வாழ்க்கை முழுக்கச் சொல்லி அழுதார்கள். அதில் அவர்களுக்கு ஏதாவது கிடைத்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்த நமக்குக் கிடைத்தது ஒரு பழக்கம். தனித்தாய் பேச ஆரம்பித்தால் "இவ மேல என்ன தப்பு இருக்கோ" என்று தேட ஆரம்பிக்கும் பழக்கம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பெரிய அளவில் இதை நடத்திக் காட்டியது அமெரிக்கா. அங்கே 1911இல் இல்லினாய் மாநிலம் தாய்மாருக்கான உதவித்தொகையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமாகப் பரவியது. 1935இல் ரூஸ்வெல்ட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அது தேசியத் திட்டமானது. அப்போது அதை வாங்குகிறவள் என்றால் மக்கள் மனதில் வந்தது ஒரு வெள்ளைக்கார விதவை, பாவப்பட்ட நல்லவள். யாரும் குறை சொல்லவில்லை. 1939இல் ஒரு திருத்தம் வந்தது. காப்பீட்டுக்குள் இருந்த தொழிலாளி இறந்தால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கிலிருந்து பணம். அப்படியே நம் குடும்ப ஓய்வூதியம் மாதிரி. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அந்தக் காப்பீட்டுக்குள் இல்லை. கறுப்பினத்தவர்களில் பெரும்பாலோர் பார்த்த வேலைகள் அவைதான். ஆக, 'மரியாதைக்குரிய' விதவைகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழைய திட்டத்தில் மிஞ்சியவர்கள் கைவிடப்பட்டவர்கள், மணமாகாத தாய்கள், கறுப்பினப் பெண்கள்.

அதன் பிறகு அந்தப் பணத்தின் பெயரே கெட்டுப்போனது. படுக்கையறையில் ஆண் இருக்கிறானா என்று பார்க்க அதிகாரிகள் நடுராத்திரியில் கதவைத் தட்டினார்கள். அலபாமா மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு ஆண் சிநேகிதன் இருந்தால் அவனே பிள்ளைகளுக்கு மாற்று அப்பா, எனவே பணம் கட் என்று விதி வைத்தார்கள். நான்கு பிள்ளைகளின் தாயான ஸ்மித் என்ற பெண் வழக்குப் போட்டு, 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் 1976இல் ரீகன் தேர்தல் மேடைகளில் சிகாகோ பெண் ஒருத்தியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 80 பெயர், 30 முகவரி, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர். 'வெல்ஃபேர் குயின்', உதவித்தொகை மகாராணி. லிண்டா டெய்லர் என்ற அந்தப் பெண் நிஜமாகவே மோசடிக்காரிதான். ஆனால் 1977இல் நீதிமன்றத்தில் நிரூபணமானது சுமார் 8000 டாலர். அந்த ஒருத்தியின் முகத்தை லட்சக்கணக்கான தாய்மாருக்கு ஒட்டினார்கள். 1996இல் கிளின்டன் கையெழுத்தில் அந்தத் திட்டமே மூடப்பட்டது.

நம்ம ஊரில் மகாராணி பட்டம் யாருக்கும் கிடைக்கவில்லை. இங்கே பழி ஆளை விட்டுப் பொருளின் மேல் விழுந்தது. 2006இல் கலர் டிவி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். டிவி தருவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்படி வாக்குறுதி தருவது தேர்தல் சட்டப்படி ஊழல் ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 2018 தீபாவளிக்கு 'சர்கார்' வந்தது. அதில் மக்கள் அரசு கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் தெருவில் போட்டு எரிப்பார்கள். இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸே ஒரு காட்சியில் வந்து தீயில் தூக்கிப் போடுவார். ஆளுங்கட்சி போராட்டம் நடத்தி அந்தக் காட்சியை நீக்க வைத்தது. அப்படி நீக்க வைத்ததும் தவறு என்றுதான் நினைக்கிறேன், கதை எழுத ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் எனக்கு அந்தக் காட்சியில் உறுத்தியது வேறு. எரிந்தது கிரைண்டர். ஆவடியைச் சுற்றி எந்தத் தெருவில் நடந்தாலும் 'இங்கு இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்கும் வாசல் ஒன்றாவது இருக்கும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கு அந்தக் கிரைண்டர் வங்கியில் கேட்டாலும் கிடைக்காத முதலீடு. கல்யாணியின் இட்லிப் பானையைக் கவிழ்த்தவர்கள் 1952இல் வில்லன்கள். 2018இல் கிரைண்டரை எரித்தபோது தியேட்டரில் விசில் பறந்தது.

2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை 'ரேவ்டி' என்றார். வடக்கே விழாக்களில் கொடுக்கும் எள்ளு மிட்டாய். அதே செப்டம்பரில் இங்கே அமைச்சர் பொன்முடி, பெண்களின் கட்டணமில்லா பஸ் பயணத்தைக் கூட்டத்தில் 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு வருத்தமும் தெரிவித்தார். திட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சியின் அமைச்சர் வாயிலேயே அந்தச் சொல் வந்தது பலருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. கொடுக்கிறவனுக்கும் திட்டுகிறவனுக்கும் ஒரே அகராதிதான். கம்பெனி காலத்தில் தபால் தலை ஒட்டாமல் போன அரசுக் கடிதங்களின் மேல் குத்திய 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் சுருக்கமே ஓசி ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை உண்மையென்றால் முதல் ஓசிக்காரர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு 'உரிமைத்தொகை' என்று பெயர் வைத்ததைப் பார்க்க வேண்டும். மாதம் 1000 ரூபாய், தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்களுக்கு. பெயர் மட்டும் போதுமா என்று கேட்கலாம், போதாது. ஆனால் விதிகளில் ஒரு வரி இருக்கிறது. திருமணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் குடும்பங்களில் அவர்களே குடும்பத் தலைவி. மூன்று பெட்டிகளிலும் அடங்காத அந்த 25 வயதுக்காரி, குழந்தை எப்படி வந்தது என்ற கேள்வி இல்லாமல் இதில் விண்ணப்பிக்க முடியும். 2015இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் அப்பாவுக்குத் தகவல் சொல்லாமலேயே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று தீர்ப்புச் சொன்னதற்குப் பிறகு, அவளைப் பற்றி அரசுத் தாளில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அதே விதிகளில் தகுதி இல்லாதவர்கள் பட்டியலும் இருந்தது. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் கிடையாது. முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் வாங்குகிறவரும் கிடையாது. 9000 வாங்கும் வீடும் 1000 வாங்கும் வீடும் ஒரே பட்டியலில். விதவைக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்ததே அவளைத் தள்ளிவைக்கக் காரணமானது. பக்கத்து வீட்டில் புருஷனோடு இருப்பவளுக்கு அவனுடைய வருமானமும் உண்டு, இந்த 1000 ரூபாயும் உண்டு.

கைவிடப்பட்டு மூன்றாவது வருஷத்தில் இருப்பவளுக்கு ஓய்வூதியமும் இன்னும் வராது, அதனால் அந்தத் தடையும் இல்லை. அவள் தாராளமாக உரிமைத்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர். அவள் பெயர் இன்னும் அவன் வீட்டு அட்டையில்தான் இருக்கிறது, பெயரை நீக்கித் தர அவன் வரமாட்டான். அட்டை மாமனார் பெயரில் இருந்தால் குடும்பத் தலைவி மாமியார். பணம் மாதம் பதினைந்தாம் தேதி மாமியார் கணக்கில் ஏறிவிடும்.